வீங்கின டின்

இப்போதும் மீன் டின் வாங்கினால் மூடியைப் பெருவிரலால் அமர்த்திப் பார்ப்பேன். மகள் சிரிப்பாள். "வாப்பா, அதான் திகதி போட்டிருக்கே." எனக்குத் திகதி வாசிக்க வராது. விரலுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுச் சாமான் கப்பல் கப்பலாக வந்த காலம். மச்சான், என் பெண்சாதி காக்கா என்று கூப்பிடுகிற அவள் அண்ணன், கல்முனையில் கடை போட்டு, கையிலிருந்த காசு எல்லாவற்றுக்கும் மீன் டின் இறக்கினார். கோபுரமாக அடுக்கினார். ஒருவரும் தொடவில்லை. மீனின் கண்ணைப் பார்த்து, செவுளை விரித்துப் பார்த்து வாங்குகிற ஊர். "தலையில்லாத மீன். எப்ப செத்து மவுத்தானதோ!" என்றார் ஒரு ராத்தா, என்னிடம் மீன் வாங்கும் அக்கா. கடையே சிரித்தது. சைக்கிளில் மீன் விற்கிற நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. டின் போகாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மாரி வந்தது. ஒரு கிழமை தோணி இறங்கவில்லை. என் மீன் பெட்டியும் காலி. பருப்புத் தின்று அலுத்த சனம் கடைக்கு வந்து டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ராத்தா என்னைக் கண்டார். "மீன்காரத் தம்பி, நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னா வாங்குறன்."

மேலே இருந்ததை எடுத்தேன். மூடி உப்பியிருந்தது. அமர்த்தினேன். உள்ளே போய் டக்கென்று எழும்பியது.

"மச்சான், இது பழுது."

"எல்லாருக்கும் முன்னாலயா சொல்ற?" அவர் முகம் கறுத்துவிட்டது.

"வயிறு வீங்கின மீன நான் விக்கிறல்ல."

அவர் மண்வெட்டியை எடுத்தார். சனம் பார்க்கத் தெருவோரம் குழி வெட்டி அந்த டின்னைப் புதைத்தார். திரும்பி வந்து கோபுரத்தைச் சரித்தார். "மத்ததயும் அமத்து. ஒண்டொண்டா."

அமர்த்தினேன். ஒன்றும் அசையவில்லை, கல்லு மாதிரி. ஒன்றைக் கத்தியால் வெட்டித் திறந்து மணந்து பார்த்தேன். வாயில் போட்டேன். "ஓய், முள்ளு மாவாப் போகுதுடா!" என்று கத்தியே விட்டேன். ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். முள்ளைக் கடித்துக் கடித்துப் பார்த்தார்கள்.

ராத்தா சொன்னார்: "கெட்டதக் கெட்டதெண்டு சொன்ன வாய். தா ரெண்டு."

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது ஒரு டின்னும் மிச்சமில்லை. மச்சான் வெறும் அலுமாரியைத் தடவிக்கொண்டு நின்றார். என் மீனும் அல்ல, என் கடையும் அல்ல. ஆனாலும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அதன்பிறகு கடைக்கு எந்த டின் பெட்டி வந்தாலும் ஆள் அனுப்புவார்: "மச்சான், விரலக் கொண்டு வாங்க."

அவர் மவுத்தாகிக் கனகாலம். இன்றும் கடையில் ஒரு டின்னை எடுத்து அமர்த்தினேன். மூடி அசையவில்லை. மகளிடம் நீட்டினேன்.

"ரெண்டு எடு."