இல்லை என்று சொல்ல முடியாத காலை

டாக்டர் வரலக்ஷ்மியின் கிளினிக்கில் நீலாம்பாளுக்கு என்ன வேலை என்று கேட்டால், பெருக்குவது, துடைப்பது, டோக்கன் கூப்பிடுவது என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவளிடமே கேட்டிருந்தால் "குக்கர் வேலை" என்று சொல்லியிருப்பாள், அதுவும் தலையை நிமிர்த்திக்கொண்டு. கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அந்த எந்திரத்துக்கு ஆட்டோகிளேவ் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. ஆனால் அதன் குணம் அவளைப் போல டாக்டருக்கே தெரியாது.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த கிளினிக். பரு, மங்கு, மரு, முடி கொட்டுவது என்று முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் கூட்டம் நெரியும். தொண்ணூற்றெட்டில் திறந்த நாளிலிருந்து நீலாம்பாள் அங்கே இருந்தாள். அதற்கு ஐந்து வருடம் முன்பு அவள் புருஷன் சபாபதிக்கு யாரோ ஒரு கம்பவுண்டர் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி சீழ் பிடித்தது. இடுப்புக்குக் கீழே வீங்கிப்போய், பாதி நெய்த சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டுச் செத்தார். ஆகவே கொதிக்காத ஊசி என்ன செய்யும் என்பதை நீலாம்பாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

டாக்டர் சொல்லிக்கொடுத்ததை அவள் சாமி காரியம் போலச் செய்தாள். கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியில் சுற்றி, எவர்சில்வர் டிரம்மில் அடுக்குவாள். மூடியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுவாள். பதினைந்து பவுண்டு அழுத்தம், இருபது நிமிடம். வெளியே எடுக்கும்போது டேப்பில் இருக்கும் வெளிறிய கோடுகள் கறுத்திருந்தால் பாஸ். உடனே நோட்டில் தேதியும் நேரமும் எழுதிவிட வேண்டும். ஒருமுறை கோடு சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டதற்காக, காத்திருந்த ஒரு தாசில்தார் பெண்டாட்டியை அரைமணி நேரம் கூடுதலாக உட்கார வைத்தாள். டாக்டரின் புருஷன் சம்பத்குமார் கணக்கையும் வரவேற்பையும் பார்த்துக்கொள்பவர். அவர் பல்லைக் கடித்தார். டாக்டர் மட்டும், "நீலாம்மா இருக்கற வரைக்கும் எனக்குப் பயமில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீலாம்பாள் ஆறு வருடம் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் ஆயுத பூஜை வந்தது. சாயங்காலம் எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைத்தார்கள். குக்கருக்கு மாலையே போட்டார்கள். நீலாம்பாளுக்கு ஒரு குறை. அவள் வீட்டில் தறிக்கு மட்டுமா பொட்டு, ஊடைநூல் ஓட்டுகிற கையகல நாடாவுக்கும்தான் உண்டு. உழைக்கிற சின்னச் சாமானை டிரம்முக்குள் அடைத்துவிட்டு, சும்மா நிற்கிற மேஜைக்கு மாலை போடுவது என்ன நியாயம்? மத்தியானம்தான் வேகவைத்து மூடிய டிரம்மை அவளே திறந்தாள். கத்தரியையும் ஃபோர்செப்ஸையும் வாழையிலையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. தொடவில்லை.

விஜயதசமிக் காலையில் சீக்கிரமே வந்து, கத்தரியை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, சந்தனம் போகத் தேய்த்து, டிரம்மில் வைத்து, குக்கரில் ஏற்றினாள். அவசரத்தில் மூடியிலிருந்த பழைய டேப்பை மாற்றவில்லை. அழுத்தம் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் ஓடும், குக்கர் ஓடாது.

அன்று முதல் ஆள் கீர்த்தி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஜெயம்மாளின் ஒரே மகள். மூக்கோரம் மிளகளவு ஒரு மரு. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அந்த மருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நல்ல நாளில் எடுத்துவிடலாம் என்று ஜெயம்மாள்தான் தேதி குறித்தாள். கத்தரித்து எடுக்கிற வேலை, பத்து நிமிடம்கூட ஆகாது.

"ஒம்பதுக்குள்ள ஆரம்பிச்சிடணும், நல்ல நேரம் போறது" என்று சம்பத்குமார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"நீலாம்மா, டிரம் ஆச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே எழுத்து. ஆனால் நீலாம்பாள் வளர்ந்த வீட்டில் விளக்கு எரியும் நேரத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. பானையில் ஒரு மணி அரிசி கிடையாதென்றாலும் "அரிசி நிறைஞ்சிருக்குது" என்பார்கள். விஜயதசமிக் காலையில், விளக்குக்கு எதிரில், வருடத்தின் முதல் வேலைக்கு, கல்யாணப் பெண்ணைப் பார்த்து எப்படிச் சொல்வது? கழுவித்தானே இருக்கிறோம், ராத்திரி முழுக்க அம்பாள் முன்னால்தானே இருந்தது என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது.

"ஆச்சும்மா."

அவள் குக்கரிலிருந்து எடுத்து வைத்த டிரம்மின் மூடியை டாக்டர் பார்த்தார். டேப்பில் நேற்றைய கோடுகள் கறுப்பாக இருந்தன. திறந்தார்.

நாலாம் நாள் கீர்த்தி கன்னம் வீங்கி வந்தாள். சீழ் கட்டி, கண்வரை சிவந்திருந்தது. டாக்டர் பதறிப்போய்ச் சீழை எடுத்து, மருந்து எழுதிக்கொடுத்தார். வெளியே சம்பத்குமார், ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "என்ன சாப்பிட்டா?"

ஜெயம்மாளின் முகம் வெளுத்தது. "பொரட்டாசி முடிஞ்சுதேன்னு கருவாட்டுக் கொழம்பு வச்சேன் சார். ஆசைப்பட்டாளேன்னு ரெண்டு வாய் ஊத்தினேன்."

"வாயைக் கட்டணும்னு தெரியாதா உங்களுக்கு? அப்புறம் டாக்டர் என்ன பண்ணுவா?"

அன்று மாலை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "கருவாட்டால சீழ் பிடிக்காது நீலாம்மா. அன்னிக்கு டிரம் சரியா ஆச்சுதானே?" என்று கேட்டார். அன்றைக்குப் பூஜையும் இல்லை, நல்ல நேரமும் இல்லை. "ஆச்சும்மா" என்றாள் நீலாம்பாள் இரண்டாம் முறை. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே இருபது நிமிடம் என்று அவளே எழுதி வைத்திருந்ததைக் காட்டவும் செய்தாள். முதல் பொய்யைப் பழக்கத்தின் தலையில் கட்டலாம். இதை யார் தலையில் கட்டுவது? அவளை யாரும் வேலையை விட்டுத் துரத்தியிருக்க மாட்டார்கள். பயமில்லை என்று சொன்ன டாக்டரின் வாய் இனிமேல் அப்படிச் சொல்லாமல் போய்விடுமே என்பதுதான் அவளுடைய பயம். இதற்காகவா என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான்.

காயம் ஆறியது. தழும்பு ஆறவில்லை. புழு மாதிரி தடித்து, மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்கு இறங்கி நின்றது. தை போனது, மாப்பிள்ளை வீட்டாரும் போனார்கள்.

கீர்த்தி அம்மாவைத் திட்டவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. தனக்கென்று ஒரு சின்னக் குக்கர் வாங்கித் தனியாகச் சோறாக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அம்மா கை பட்டதைத் தொடுவதில்லை. ஜெயம்மாள் குழாயடியில் நீலாம்பாளைப் பார்க்கும்போதெல்லாம், "என் கையாலயே என் பொண்ணு மொகத்தக் கெடுத்துட்டேனேக்கா. எதிர்லயே ஒக்காந்துக்கினு தனியா துன்றாக்கா" என்று அழுவாள். நீலாம்பாள் குடத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் விதிமா" என்பாள். வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் சோறு இறங்காது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள்! அந்த 'நாளைக்கு' மட்டும் பஞ்சமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு சித்திரை வெயிலில், மாடியில் பாவு நூல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெயம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில் நீலாம்பாள் அந்த வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைக்க வேண்டும். கீர்த்தி ஒருத்தியாக உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தை. கருவாடு வேணான்னுட்டேன். மத்ததெல்லாம் வச்சிடலாம்."

நீலாம்பாள் தரையில் உட்கார்ந்தாள். கரண்ட் போனதையும், டேப் மாற்றாததையும், ஆச்சும்மா என்று சொன்னதையும், இரண்டாம் முறை சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா. கருவாடு ஒண்ணும் பண்ணல. எல்லாம் என்னால" என்றாள். அந்த 'இல்லை' என்ற சொல் இப்போது சுலபமாக வந்தது.

கீர்த்தி நறுக்குவதை நிறுத்தவில்லை. கத்திரிக்காய் தீர்ந்த பிறகும் அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், அடிப்பாள், எழுந்து போ என்பாள் என்று நீலாம்பாள் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

கீர்த்தி கையைக் கழுவிக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த ஜெயம்மாளின் ஒயர் கூடையை எடுத்தாள்.

"அத்தை, எங்கம்மா கருவாடு யாருகிட்ட வாங்கும்?"

"ரயில்வே கேட்டாண்ட முனிரத்தினம்னு ஒரு அம்மா கூடை வச்சிக்கினு ஒக்காந்திருக்கும். நான் கூட்டிக்கினு போறேன்மா."

"நீங்க வர வேணாம்" என்றாள் கீர்த்தி. "எப்படி வைக்கும்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு வருஷமா அது ஆக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்த்ததேயில்ல."

புளியை எவ்வளவு கரைப்பது, கருவாட்டை எப்போது போடுவது என்று நீலாம்பாள் சொன்னாள். கீர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கூடையோடு தெருவில் இறங்கிப் போனாள்.