வாகையர் வீட்டுப் பெரட்டு

காலை 6.40, பதுளை பஸ் நிலையம். மடுல்சீமை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜன்னல்தான் மூட மறுத்தது. இழுத்துப் பார்த்து விரலை நசுக்கிக்கொண்டு, "போயும் போயும் இந்தச் சீட்டோ!" என்று வைதேன். பக்கத்தில் சுகந்தி சிரித்தாள். நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கீழே உள்ள துணிக்கடையில் வேலை செய்பவள். மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். அவள் எழுதிய நாடகம் இன்று அங்கே மேடையேறுகிறது. அவள் மடியில் தங்கத்தாள் ஒட்டிய அட்டை மகுடம்.

"தங்கச்சி, மகுடத்துக்கும் டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

"ராசா ஏறுன பஸ்ஸுண்ணே. நீங்கதான் வரி கட்டணும்."

பஸ் புறப்படும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணா அழைத்தார். "கொடியேறப் போகுது, வாறியோ? முதல் காளாஞ்சி எங்கட வீட்டுக்குத்தான். ஆள் நிக்க வேணும்." எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா முடிவில் மரியாதையாகத் தரும் தட்டு அது. முதலில் வாங்குவது யார் என்று அடிபிடிகூட நடந்திருக்கிறது. "பாப்பம் அண்ணா" என்று போனை வைத்துவிட்டேன்.

8 மணி, பசறை. தூரம் இருபது கிலோமீட்டருக்குள்தான். வளைவுகளில் என் குடல் வாய்வரை வந்து திரும்பியது. பிளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை எண்பது. வடை நல்ல சூடு. சுகந்தி தொடவேயில்லை.

"என்னடி பயம்?"

"கதைய முழுசா சொல்றேன், கேளுங்கக்கா."

மேகநாடு என்றொரு ராஜ்யம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவனிடம் போயே தீரவேண்டும் என்பது அந்த நாட்டு மாயம். அங்கே விளக்குப் பிடித்து ஆட்களுக்கு வழிகாட்டி வந்த குடும்பம் வாகையர். வழிநெடுக எல்லார் பெயரையும் விசாரித்து மனதில் வைத்துக்கொண்டார்கள். பிறகு ஊற்றுகளைப் பிடித்தார்கள், அரண்மனையில் பெண் எடுத்தார்கள், கடைசியில் கிழ ராஜாவையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு மலை விளிம்பில் நிறுத்தி மகுடத்தைப் பறித்தார்கள். தினமும் விடியலில் வாகையர் அரசன் பெரட்டு வைப்பான். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிப்பார்களே, அதே பெரட்டு. கடைசிக் காட்சியில் அவன் கூப்பிடுகிறான், ஒருவரும் போகவில்லை. மாயம் முறிகிறது.

"ராசா வேசம் திரவியம் ஐயாவுக்குங்கக்கா. அவரு தாத்தாதான் ஆளுங்கள இங்க கூட்டியாந்து வேல வாங்குன பெரிய கங்காணி. எந்த நாடகம்னாலும் மகுடம் அந்த வீட்டுக்குத்தான். வேற யாரும் தலையில வைக்க மாட்டாங்க. ஐயாவுக்குக் கடைசிக் காட்சிய நான் இன்னும் சொல்லவே இல்ல."

அடிப்பாவி! எனக்கும் வடை இறங்கவில்லை.

10 மணிக்குப் பிறகு மடுல்சீமை. அங்கிருந்து ஆட்டோ. அதைச் சாலை என்று சொன்னவருக்கு நல்ல மனசு. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் மேடை தயார். திரைக்குப் பூப்போட்ட போர்வை. பின்னேரம் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் பகல் நாடகம். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதுவும் கங்காணி வீட்டுக்குத்தானாம். மற்ற எல்லாருக்கும் தரையில் விரித்த படங்கு.

திரவியம் அறுபதைத் தாண்டிய நெட்டை மனிதர். சுகந்தி கடைசிக் காட்சியைச் சொன்னாள்.

"கூப்புட்டா யாருமே வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்கய்யா."

"எங்க தாத்தாவ வச்சு எழுதுனியா?"

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் மறைக்கவில்லை. "ஆமாங்கய்யா."

மகுடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சுகந்தி மேடைப் பலகையில் உட்கார்ந்து அழுதாள். அவர் வராவிட்டால் நாடகம் இல்லை. மூன்று வருடமாகத் தினமும் கடை மூடியபின் எழுதியதெல்லாம் வீண். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

2 மணி. சனம் நிறைந்துவிட்டது. ஆளைக் காணோம். தப்பு மேளம் அடிப்பவர்கள் அடித்தது போதுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போது மேட்டிலிருந்து திரவியம் இறங்கி வந்தார். தலையில் அட்டை மகுடம். உடம்பில் பழைய கறுப்புக் கோட்டு. தாத்தாவின் கோட்டாம்!

முதல் பெரட்டுக் காட்சி. சுகந்தி எழுதிய பெயர்களை விட்டுவிட்டு அந்த மனிதர் எதிரே இருந்தவர்களைக் கூப்பிட்டார். "மாரியாயி!"

படங்கில் இருந்த கிழவி, "வந்துட்டேங்க!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்களும் தங்கள் பெயர் வந்தபோது எழுந்தார்கள். அந்தக் குரலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் ஓடியிருப்பேன். சுகந்தி திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்தாள். "போச்சுக்கா! கடைசியிலயும் இப்படித்தான் எந்திரிப்பாங்க."

கடைசிப் பெரட்டு. பனி களத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. "மாரியாயி!" என்று திரவியம் முழங்கினார். கிழவி கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். கிழவி அந்தக் கோட்டை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நிதானமாக உட்கார்ந்து, மரியாதையோடு சொன்னாள்:

"வரலைங்க."

அடுத்த பெயர். "வரலைங்க." அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் அதே பணிவு, அதே பதில்.

திரவியம் மகுடத்தைக் கழற்றினார். கோட்டையும் கழற்றிக் கீழே அந்த ஒற்றை நாற்காலியில் போட்டார். இறங்கி வந்து படங்கில், மாரியாயி பக்கத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். அது நாடகத்தில் இல்லாதது.

"தள்ளி உக்காருங்க, எடமில்ல" என்றாள் கிழவி, தானே நகர்ந்துகொண்டு.

தேநீர் குடிக்கும்போது சுகந்தியிடம் அவர் சொன்னார்: "அடுத்த வருசம் மகுடத்த யாராச்சும் எளந்தாரிக்குக் குடு புள்ள. எனக்குக் கழுத்து வலிக்குது." அவள் சிரித்தபடியே அழுதாள். அடுத்த நாடகத்துக்குப் பெண்தான் ராஜாவாம்; பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் பசறைவரை அதே பேச்சு.

எங்கள் ஊரும் இந்தத் தோட்டமும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இடங்கள் என்று காலையில்கூட நினைத்திருந்தேன். பசறை தாண்டியதும் அண்ணாவை அழைத்தேன்.

"திருவிழாவுக்கு வாறன் அண்ணா."

"நல்லது! முன்னுக்கு வந்து நில்."

"இல்லை. பின்னுக்கு, சனத்தோட நிண்டு வாங்குறன்."

"உனக்கென்ன விசரோ? ஐயர் எங்கட வீட்டுப் பேரைக் கூப்பிடேக்க ஆர் போறது?"

காலையில் வந்த அதே பஸ்; ஜன்னல் இன்னும் மூடவில்லை. குளிர்காற்று முகத்தில் அடித்தது. சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலைங்க" என்றேன்.