மூன்றாவது பாரா

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மேசையிலிருந்து டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்த நாளோடு அது போயிற்று.

அந்தத் திங்கட்கிழமை நான் அடித்துத் தர வேண்டியிருந்தது ஒரு விபத்து அறிக்கை. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்த பாகலூர்க்காரர் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அறிக்கையின் நகலை வாங்கிப் போக, கட்டுப் போட்ட கையோடு என் அறைக்கு வெளியே பெஞ்சில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று முடிவானால் வேலை போய்விடும்.

சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு பாராக்கள். மெஷினின் பாதுகாப்புக் கம்பியை, வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று முந்தின வாரமே கழற்றி வைத்துவிட்டார்கள் என்பது மூன்றாவது பாரா. அவரைக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான்.

முதல் பாராவுக்கு 1 போட்டு அடித்து முடித்து எண்டர் தட்டினேன். கீழே தானாகவே 2 வந்து நின்றது. நான் கேட்கவே இல்லை. பழக்கத்தில் நானும் ஒரு 2 போட்டுவிட்டேன். அழித்தால் எண் போனது, ஆனால் அந்தப் பாரா மட்டும் வலது பக்கம் ஒதுங்கி நின்றது. சரி, மற்ற பாராக்களையும் அதற்குச் சமமாகத் தள்ளுவோம் என்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வரிகள் எல்லாம் கலைந்தன. ஏழு பாராவும் முடிந்த பிறகும் எண் நிற்கவில்லை; தேதிக்கு 8, மேனேஜர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு 9.

டைப்ரைட்டரில் தப்பு வந்தால் அது என் விரல் செய்த தப்பு. இங்கே யாரைத் திட்டுவது? கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவர் பெங்களூரிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மெனுவுக்குள் ஒரு கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் எண் வராது என்று அந்த வியாழக்கிழமை சர்வசாதாரணமாகச் சொன்னார். திங்கட்கிழமை நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பெஞ்சிலிருந்தவர் எழுந்து நின்றார்.

"மேடம், கம்பி கழட்டுனது மூணாவதுல இருக்குதுன்னு சூப்பர்வைசர் சொன்னாருங்க. இங்கிலீஷு நமக்கு வராதுங்க. இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. பயப்படாதீங்க."

எண்களை அவற்றின் இஷ்டத்துக்கே விட்டு, ஒருவழியாக முடித்தபோது மூன்று மணி. மேனேஜர் வந்து திரையைப் படித்தார்.

"நம்பர் தானா வருதா? நல்லா இருக்கே. அந்த மூணாவது பாராவ எடுத்துடும்மா."

"சார், சூப்பர்வைசர் எழுதினது..."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சூப்பர்வைசர் எழுதிய தாள்களை மேனேஜர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

டைப்ரைட்டராக இருந்தால் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் சூப்பர்வைசர் வந்திருக்கலாம், எனக்கே கொஞ்சம் தைரியம் வந்திருக்கலாம். வந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாராவைத் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினேன். நான்கு மூன்றானது, ஐந்து நான்கானது, கீழே உள்ளவை எல்லாம் வரிசையாக மேலே ஏறின. காலையிலிருந்து என் பேச்சைக் கேட்காத மெஷின் இதை மட்டும் ஒரு நொடியில் செய்தது. எடுத்த இடமே தெரியவில்லை.

பிரிண்ட் எடுத்ததும் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, பெஞ்சிலிருந்தவரை உள்ளே கூப்பிட்டு நகலைக் கொடுத்தார். அவர் இடது கையில் வாங்கி, ஜன்னலோரம் என் மேசைமேல் விரித்துவைத்து, எண்களை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றில் விரலை வைத்தார்.

"இதுதானுங்களா மேடம்?"

விரல் இருந்த இடத்தில், பலமுறை எச்சரித்தும் தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று இருந்தது. மேனேஜர் கதவருகே நின்றிருந்தார்.

"ஆமாங்க," என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. காகிதத்தை மடிக்கப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை. என்னிடம் நீட்டினார். நான்தான் நான்காக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன்.