நொண்டிக் கொக்கு பப்பில் நான்கு மூரிங்

1. மாடி ஆபீஸ்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பாதிப் பேர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

நான் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே முகூர்த்தச் சேலை எடுக்க வந்த கூட்டம், மேலே ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாங்கள். இங்கிலாந்தில் கால்வாய்களில் சின்னப் படகு வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகச் சுற்றுகிறவர்கள் ஏராளம். சாயங்காலம் ஆனால் அவர்களுக்குப் படகைக் கட்ட ஒரு இடமும், உட்கார்ந்து குடித்துச் சாப்பிட ஒரு கடையும் வேண்டும். அந்தக் கடைக்குப் பெயர் பப். படகு கட்டும் இடத்துக்கு மூரிங். இரண்டும் சேர்ந்து எங்கெங்கே இருக்கின்றன என்று காட்ட ஒரு செல்போன் ஆப் இருக்கிறது. அதற்காகப் பப் பப்பாகப் போன் போட்டு விசாரித்து எழுதுவதுதான் எங்கள் வேலை.

நானோ மாகறல் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. என்ன வேலை என்று வீட்டில் கேட்டபோது, "சுற்றுலா சம்பந்தப்பட்டது" என்று சொல்லி வைத்தேன். ஆபீஸ் பையன்கள் விட்டார்களா? "நயினார் சார், இன்னிக்கு எத்தினி கடை ஏறி எறங்கினீங்க?" என்று தினமும் கிண்டல். போங்கடா, போய் வேலையைப் பாருங்கடா என்பேன். நாளாக ஆக என்னைக் கியூசியில் போட்டார்கள். மற்றவர்கள் பேசிய ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடுகிற வேலை அது.

2. ஸ்கிரிப்ட்

என்ன கேட்க வேண்டும் என்கிற ஸ்கிரிப்ட் கிளையன்ட்டிடமிருந்து, அதாவது அந்த ஆப்பை நடத்துகிற கம்பெனியிடமிருந்து, வரும். கடை திறந்திருக்கிறதா, மூரிங் எத்தனை, சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டுமா, கட்டணம் உண்டா, நாயைக் கூட்டி வரலாமா. ஆமாம், நாய்க்குத் தனிக் கட்டமே உண்டு. இந்த வரிசையை விட்டு ஒரு வார்த்தை கூடப் பேசினாலும் மார்க் குறையும். எதிர்முனையில் பதில் வந்தபின் சும்மா இருந்தாலும் குறையும். அந்த மௌனத்துக்கு 'டெட் ஏர்' என்று பெயர்.

தேவகி முசரவாக்கத்துப் பெண். நன்றாகப் பேசுவாள். அவளுடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டில்தான் அத்தனையும். வேலை போனால் கார்டும் போய்விடும். அதனால் அவள் லீவு எடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு கோடையில் அவள் ஒரு பப்புக்குப் போன் போட்டாள். அந்தக் கடையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'நொண்டிக் கொக்கு'. அந்த ஊர்க்காரர்கள் கடைக்குப் பெயர் வைக்கிற அழகே அழகு. பெரிய கால்வாயிலிருந்து பிரிகிற ஒரு கிளைக் கால்வாயின் கடைசியில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரம்மா சொன்னாள்: "கரையில் நாலு இரும்பு வளையம் இருக்கிறது. நாலு படகு கட்டலாம். தண்ணீர்தான் இப்போது கொஞ்சம் கம்மி."

"ஓகே மேடம். நாய் வரலாமா?" என்று தேவகி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மூரிங் நான்கு என்று பதிந்தாள். ரெக்கார்டிங்கைக் கேட்டு நான் முழு மார்க் போட்டேன். ஸ்கிரிப்ட்படி ஒரு குறையும் இல்லை. 'தண்ணீர் கம்மி' என்பது எனக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸில் போகிறோம், கீழே மணலும் முள்ளும்தான். அதற்காக அதை ஆறு இல்லை என்றா சொல்கிறோம்? தெப்பத்துக்கு மோட்டார் வைத்துக் குளத்தை நிரப்புகிற ஊர்க்காரர்கள் நாம். தண்ணீர் இல்லாவிட்டாலும் துறை துறைதான் நமக்கு. கால்வாயில் தண்ணீர் இல்லாமல் போகும் என்று ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை.

3. சேறு

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கிளையன்ட்டிடமிருந்து மெயில் வந்தது. வயதான கணவனும் மனைவியும் ஆப்பை நம்பிப் படகை அந்தக் கிளைக் கால்வாய்க்குள் திருப்பியிருக்கிறார்கள். கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. வளையத்தில் கட்டலாம் என்று பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்த சேறு, கால் வைத்ததும் மார்பளவு உள்வாங்கிவிட்டது. கடையிலிருந்து ஆட்கள் பலகை போட்டு இழுத்து மேலே கொண்டுவருவதற்குள் பெரியவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

மேனேஜர் சென்னையிலிருந்து அன்றைக்கே வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, "யாரு இந்த கால் பண்ணது? கிளையன்ட் பேர் கேக்கறாங்க" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் தேவகி.

"தண்ணி கம்மின்னு அந்த லேடி கிளியரா சொல்றாங்க. நீ நாய் வரலாமான்னு கேக்கற. உனக்கு ஸ்டிரைக் ஆகலையா?"

"எங்க ஊராண்ட ஆத்துல எப்பவுமே கம்மிதான் சார். கம்மின்னா அங்க ஆள் சாவாங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்கிரிப்ட்ல தண்ணி இருக்குதான்னு ஒரு கேள்வி இருக்குதா சார்? எடுத்துக் காட்டுங்க. ஒரு வார்த்தை கூடப் பேசினா மார்க்கைக் கொறைன்னு எங்கிட்ட சொன்னது யாரு? இப்ப கேக்கலைன்னு அந்தப் பொண்ணைப் புடிச்சா எப்படி?" என்று கத்தினேன். அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஸ்கிரிப்டில்தான் ஓட்டை என்று கிளையன்ட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் மறுபடி எல்லோரையும் கூப்பிட்டார். "தேவகி சேஃப். ஆனா ஒண்ணு. அந்த பப் நம்பருக்கு இங்கருந்து யாரும் போன் பண்ணக்கூடாது. லீகல் பாத்துக்குவாங்க. ஸாரின்னு ஒரு வார்த்தை போச்சுன்னா நாமே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

கார்டு தப்பியது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

4. டெட் ஏர்

டீ குடிக்கிற நேரத்தில் தேவகி என்னிடம் வந்தாள்.

"சார், அந்தப் பெரியவரு சம்சாரம் இன்னும் அந்தக் கடை மாடியிலதான் இருக்குதாம். புள்ள வெளிநாட்டுல இருந்து வரணுமாம். மெயில்ல போட்டிருக்குது."

"அதுக்கு?"

"ஒருத்தர் பூட்டாரு சார். நாம ஒரு வார்த்தை கேக்காம இருந்தா நல்லாவா இருக்குது? எங்க தெருவுல சண்டைக்காரன் ஊடா இருந்தாக்கூட எழவுக்குப் போய் நிப்போம்."

"வேணாம்மா. அப்பாவை நினைச்சுக்கோ."

சரி என்று தலையாட்டினாள். நானும் நம்பிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் லைனிலேயே கூப்பிட்டிருக்கிறாள். தடை போட்ட நம்பருக்குப் போன் போனால் சிஸ்டமே மேனேஜருக்குச் சொல்லிவிடும். மறுநாள் அவளிடம் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"துக்கம் விசாரிச்சதுக்கா சார் வேலையை எடுக்கறீங்க? மனுசங்கதானே நீங்க?" என்று கேட்டேன்.

"நயினார், ஊர் வழக்கமெல்லாம் ஊர்ல. இது கம்பெனி" என்றார் மேனேஜர். அத்தோடு சரி. இந்தத் தடவையும் எழுதிக் கொடுத்தேன்; யாரும் படிக்கவில்லை.

அந்த ரெக்கார்டிங் மார்க் போட என்னிடமே வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். "நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன். நாலு மூரிங் என்று எழுதியது நான்தான். அந்தம்மாவிடம் பேசலாமா?" என்கிறாள் தேவகி. கடைக்காரம்மா போனை மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிற காலடிச் சத்தம் கேட்கிறது. அப்புறம் ஒரு கிழவியின் குரல். முதலில் வெறும் அழுகை. பிறகு, "கயிற்றின் இன்னொரு முனை என் கையில்தான் இருந்தது. இழுத்தேன். எனக்குத் தெம்பில்லை" என்கிறாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். தேவகி "ம்" என்கிறாள். நெடுநேரம் கழித்து மறுபடி "ம்". எழவு வீட்டில் நாம் வேறென்ன பேசுகிறோம்? பக்கத்தில் உட்கார்ந்து ம் கொட்டுகிறோம். கடைசியில் அந்தம்மா கேட்கிறாள்: "உன் பெயர் என்ன, குழந்தை? எனக்கு வக்கீல் கடிதம்தான் வந்தது. கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

கியூசி தாளில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை. டெட் ஏர் என்கிற கட்டம் மட்டும் இருந்தது. நான் எதையும் நிரப்பாமல் தாளைத் திருப்பி அனுப்பினேன். யாரோ பூஜ்யம் போட்டு ஃபைல் பண்ணிவிட்டார்கள்.

5. முசரவாக்கம்

கார்டு நின்றபின் தேவகியின் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே மிஷினுக்குக் காத்திருக்கிற கூட்டம் பெரிது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். செய்தி கேட்டு நான் பஸ் பிடித்து முசரவாக்கம் போனேன். ஆபீஸிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

வாசலில் போட்ட பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். தேவகி அப்பாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். நான் ம் கொட்டினேன். மேனேஜரையோ கம்பெனியையோ அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தண்ணி இருக்குதான்ற கேள்வியை சேத்துட்டாங்களா சார்?"

"சேத்தாச்சும்மா. அதான் இப்ப மொதக் கேள்வி."

"நல்லது சார்." "அந்தம்மா இப்ப எப்பிடி இருக்குது? அப்புறம் யாராச்சும் கேட்டீங்களா?"

பொழுதுக்கும் போன் பேசுவதுதான் எங்கள் பிழைப்பு. ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நம் வேலையால் யாருக்காவது கெடுதல் நேர்ந்துவிட்டால் முதலில் போய் நில்லுங்கள். போக முடியாவிட்டால் கூப்பிடுங்கள். வக்கீல் அப்புறம் வரட்டும். வேலைக்கு ஆபத்து வராது என்று நான் சொல்ல மாட்டேன். வரும். அந்தப் பெண்ணுக்கு வந்ததைப் பார்த்தவன் நான்.

முசரவாக்கம் போய் வந்த மறுநாள் என் சொந்தப் போனில் ஐஎஸ்டி போட்டு நொண்டிக் கொக்கைக் கூப்பிட்டேன். கடைக்காரம்மா எடுத்தாள். இந்தியா என்றதும், "மூரிங் எதுவும் இல்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றாள்.

"மூரிங் கேட்கக் கூப்பிடவில்லை அம்மா. அந்தப் பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்?"

"அன்றைக்குப் பேசினாளே, அந்தப் பெண்ணுக்கு நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

"அவள்தான் கேட்கச் சொன்னாள்" என்றேன்.