ஆறு மினுக்கு, இரண்டு மினுக்கு

எந்த வண்டி வந்தாலும் ஷபீ அஹமது முதலில் பானட்டைத் திறக்க மாட்டான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி மட்டும் திருப்புவான். ஸ்டியரிங் மேல் மோவாயை வைத்துக்கொண்டு டாஷ்போர்டு விளக்குகளை இடமிருந்து வலமாகப் பார்ப்பான். ஒவ்வொன்றுக்கும் லேசாக ஒரு தலையாட்டல், விருந்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது தொற்றிய பழக்கம். ஆம்பூரில் அவன் ஷெட்டுக்கு வந்தவை பெரும்பாலும் அம்பாசிடரும் லாரியும்தான். இரண்டே விளக்கு. அதற்கும் தலையாட்டுவான்.

எண்பத்தொன்பதில் அந்த ஜப்பான் கார் வந்தபோது அவன் தலை வெகுநேரம் ஆடியது.

தோல் தொழிற்சாலை முதலாளி ஜியாவுல்லா கப்பலில் வரவழைத்த வண்டி அது. பழையதுதான். ஆனால் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். அதுதான் இப்போது மாறவில்லை. கிளம்பும்போது பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போல முனகியது.

"கியர்பாக்ஸைத் தொறந்து பாரு. இல்லன்னா சொல்லிடு, மெட்ராஸ் போகட்டும். லாரிக்குச் சொல்லியாச்சு" என்றார் ஜியாவுல்லா.

ஷபீ கணக்குப் போட்டுப் பார்த்தான். திறந்தால் உள்ளே கிழிகிற ஒரு வாஷர்கூட இந்த ஊரில் கிடைக்காது. திறக்காமல் அனுப்பினால், இந்த வண்டியோடு தொழிற்சாலை லாரிகளின் வேலையும் மெட்ராஸுக்கே போய்விடும். ஷெட்டே அந்த லாரிகளை நம்பித்தான் நின்றது.

"சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் டைம் குடுங்க சாப். இந்த வண்டியே வாயைத் தொறந்து சொல்லும்."

பக்கத்துக் கடை டிவி மெக்கானிக் இன்பசேகரன் சிரித்துவிட்டான். "இன்னாபா, ஜோசியம் பாக்கப் போறியா?"

"நீ ஒரு துண்டு ஒயர் எடுத்துட்டு வா தோஸ்த். அப்புறம் சிரி."

என்ஜின் ஓரத்தில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்ன சாக்கெட் இருந்தது. அதில் இரண்டு துளைகளை ஒரு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தன் கோளாறை மஞ்சள் விளக்கில் மினுக்கிச் சொல்லும். நிற்காமல் ஒரே சீராக மினுக்கினால் ஒயரில் குறையில்லை, கியர்பாக்ஸைத் திறந்தே ஆகவேண்டும். விட்டுவிட்டு மினுக்கினால் அது ஒரு எண்: முதல் கொத்து பத்துகள், அடுத்த கொத்து ஒன்றுகள். "அறுபதில் ஆரம்பித்தால் கியர்பாக்ஸில் கை வைக்காதே, ஒயரைத் தேடு" என்று ஷார்ஜா ஃபோர்மன் கத்துவது வழக்கம்.

இன்பசேகரன் ஒயரைச் செருகினான். ஷபீ சாவியைத் திருப்பினான்.

மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. சீராக, ஈவிரக்கமே இல்லாத சீராக. நான்கு. ஐந்து. போச்சு என்று நினைத்தான். ஆறு.

நின்றது.

ஷபீ ஆறு விரலை மடக்கி வைத்தான். இருட்டிலிருந்து இன்னும் இரண்டு மினுக்கு. மறுபடி இருட்டு. மறுபடி ஆறு, இரண்டு.

"அறுபத்திரண்டு! டேய் சேகர், அறுபத்திரண்டுடா!"

"பரீட்சை மார்க்கா? பாஸா ஃபெயிலா?"

"பாஸ்டா! ஒயருதான்!"

கம்ப்யூட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஷபீயின் கை போனது. முன்சீட்டுக்கடியில் கார்ப்பெட்டைத் தூக்கினான். ஒயர்கள் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. தோல் கெடாமலிருக்கத் தடவுகிற உப்பு. கார்ப்பெட்டில் பச்சைத்தோல் வாடை மொத்தமாக ஏறியிருந்தது. வேறு ஊராக இருந்தால் கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தியிருப்பார்கள். ஆம்பூரில் அந்த வாடை யாருக்குத் தனியாகத் தெரியப்போகிறது?

"நிசார் பாய், இதுல தோல் ஏத்துனீங்களா?" என்று முதலாளியின் டிரைவரைக் கேட்டான்.

"சே சே! சாப் வண்டியிலயா? இன்னா பேச்சு பேசுற?" நிசார் அஹமது வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பெட்ரோலில் கழுவி, சுரண்டி, அறுந்த இடத்தை இன்பசேகரன் பற்றவைத்தான். ஜியாவுல்லா பின்சீட்டிலும் நிசார் முன்னாலும் ஏற, ஷபீ வண்டியை மாதனூர்ப் பக்கம் ஓட்டினான். முனகல் இல்லை. முதல் கியர் இரண்டாவதிடம் வண்டியைக் கைமாற்றியது முதுகில் மெல்லத் தெரிந்தது. பிறகு மூன்றாவது. பாலாற்று மணலெல்லாம் ஜன்னலில் வெள்ளையாக ஓட, ஷபீ வாய்விட்டுச் சிரித்தான். காக்கிச் சட்டை காற்றில் படபடத்தது.

"லாரி வேணாம்னு சொல்லிடு நிசார்" என்றார் ஜியாவுல்லா, பின்னாலிருந்து. பிறகு, "இன்னொரு ரவுண்டு போலாமா?"

வருஷங்கள் கழித்து, ஒரு கல்யாணப் பந்தியில் பிரியாணிக்குக் காத்திருக்கும்போது நிசார் பாய் உண்மையைச் சொன்னார். அந்த வருஷ பக்ரீத்துக்கு, வீடுவீடாக மதரஸாவுக்குக் கொடுக்கும் குர்பானி ஆட்டுத் தோல்களைச் சேகரிக்க வண்டி கிடைக்காமல், கெட்டுப்போகுமே என்று உப்புத் தடவி அந்தக் காரில்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஜியாவுல்லாவே பின்சீட்டைக் கழற்றிக் கொடுத்தாராம். மதரஸாவின் டெம்போ அன்றைக்கு, "நாளைக்குக் கண்டிப்பா பாய்" என்று மூன்று தடவை வாக்குக் கொடுத்த ஷபீயின் ஷெட்டில், நாலு சக்கரமும் இல்லாமல் நின்றிருந்தது.