தொட்டிக்கு மேல் தொங்கிய பல்பு

எழுந்து நடமாட முடியாத என் மனைவிக்குத் துணையாக இருக்கட்டுமென்று, கட்டிலருகே ஒரு சிறு கண்ணாடித் தொட்டியில் வேலம்பாசி போட்டு மீன் வளர்த்தேன். வெளிச்சம் போதாமல் பாசி வெளுத்தது. டியூப் லைட் வாங்க வசதியில்லை. வீட்டிலிருந்த நூறு வாட் பல்பைத் தண்ணீரை ஒட்டித் தொங்கவிட்டு எரியவிட்டேன். பிறகு பொன்னமராவதிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

மாலையில் வந்து தொட்டால் தண்ணீர் சுட்டது. மீன்கள் செத்து மிதந்தன.

“மத்தியானமே வாயப் பொளந்துக்கிட்டு மேல வந்துருச்சுங்க. சுவிச்சு அங்கிட்டுல்ல இருக்கு? கத்திக் கத்திப் பாத்தேன், ஒருத்தரும் வரல” என்றாள்.

மீன் போனதைவிட, அவள் கத்தியும் யாரும் வரவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

இப்போது தொட்டி சன்னலோரம் இருக்கிறது. காலை வெயிலே பாசிக்குப் போதுகிறது. மீன் வேண்டாம் என்றுவிட்டாள். கட்டிலில் அவள் கைக்கெட்டும்படி ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி அடிக்கும்.