துப்பாக்கியின் தொண்டை

தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி கிளப்பில் ஆயுதங்களைப் பராமரிப்பேன். போட்டிக்கென்று அங்கே வைத்திருந்த ரைஃபிள் சென்ற வருடம் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. கட்டைவிரல் அகலத்துக்குள் விழுந்த குண்டுகள் உள்ளங்கை அளவுக்குச் சிதறின.

அதை இரண்டே பேர்தான் சுடுவார்கள். ஒருவர் எங்கள் மலையூரான தானா ராத்தாவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை. மற்றவன் என் தங்கையின் கணவன்.

என் சந்தேகம் நேராக ஆசிரியை மேல் போனது. சுட்டு முடித்ததும் யாரையும் தொடவிடாமல் தானே குழலுக்குள் கம்பி விட்டுத் துடைப்பார். கம்பி கோணலாகப் போனால் குழலின் தொண்டை, அதாவது தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் தொடங்கும் இடம், உரசித் தேயும். இரண்டு வாரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரிந்துவிட்டது. என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

மச்சானிடம் சொன்னேன். டீச்சராகத்தான் இருக்கும் என்று உடனே தலையாட்டினான். கொஞ்சம் அவசரமாக ஆட்டினானோ என்று பிற்பாடுதான் தோன்றியது.

ஈப்போ நகரத்திலிருந்து துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வந்து குழலுக்குள் சின்ன கேமராவை விட்டார். தொண்டை காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. உள்வரிகளின் தொடக்கம் கரைந்தே போயிருந்தது.

"கம்பி உரசினா ஒரு பக்கந்தான் தேயும். இது சுத்திலும் வெடிச்சிருக்கு. சூடுதான்," என்றார்.

வெடிமருந்து எரியும் வாயு ஒவ்வொரு முறையும் அந்த இடத்து இரும்பைத்தான் முதலில் சுடுகிறது. ஆறவிடாமல் அடுத்தடுத்துச் சுட்டால் சீக்கிரமே அரித்துவிடும் என்று விளக்கினார்.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குப் பின்னால் நின்று கவனித்தேன். ஆசிரியை ஐந்து குண்டு சுட்டார், குழலைத் திறந்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். மச்சான் தன் பங்கு இருபது குண்டுகளையும் ஒரே மூச்சில் சுட்டான். போய்க் குழலைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை.

"இந்தக் குளிர்ல அதுவா ஆறிடும்லா," என்றான்.

"டீச்சர் மேல பழி விழுந்தப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"அவங்கள மொதல்ல சொன்னது நீதானே மச்சான்."

அன்றே ஆசிரியையிடம் போய், தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன்.

"தெரியும்ணே. நான் புதுசா வந்தவ. உங்க மச்சான் சுடறதப் பத்திச் சொன்னா எடுபடுமா?" என்றார்.

கிளப் புதுக் குழல் வாங்கிப் போட்டது. தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போனோம். மச்சான் மழையைப் பற்றியும் மண்சரிவைப் பற்றியும் நிறையப் பேசினான். துப்பாக்கிப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.